மோட்டார் ரூம் பச்சை பட்டனும் ஆபீஸ் ரவுட்டரும்

கோவையைச் சுற்றியுள்ள பல தோட்டங்களில் இப்போது மோட்டார் ரூம் சுவரில் ஒரு சின்னப் பெட்டியைப் பார்க்கலாம். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். மொபைல் ஸ்டார்ட்டர் என்று பெயர். த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் விவசாயி கட்டிலை விட்டு இறங்க வேண்டியதில்லை. படுத்தபடியே போன் போட்டால் மோட்டார் ஓடும், மறுபடி போட்டால் நிற்கும். பாம்புக்குப் பயந்து டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்த காலமெல்லாம் பெட்டி வைத்தவர்களுக்கு மலையேறிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டி வந்த பிறகும் எந்த விவசாயியும் பழைய ஸ்டார்ட்டரில் இருக்கும் பச்சை பட்டனையும் சிவப்பு பட்டனையும் கழற்றி எறியவில்லை. டவர் இல்லாத நாள் வரும். சிம்மில் காசு தீர்ந்த நாள் வரும். இடி இடித்துப் பெட்டியே புகைந்துபோகும் நாளும் வரும். அன்றைக்கு நடந்து போய்ப் பச்சை பட்டனை அமுக்கியாக வேண்டும். மோட்டார் ரூம் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இதற்கெல்லாம் யாரும் அவர்களுக்குக் கிளாஸ் எடுக்கவில்லை.

இந்தச் சாதாரணப் புத்தி, லட்சக்கணக்கில் செலவழித்து நெட்வொர்க் போடும் ஆபீஸ்களில் பல நேரம் இருப்பதில்லை. இந்தக் கட்டுரையின் புகாரே அதுதான்!

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் போன்ற பெட்டிகளுக்கு மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஏதாவது செட்டிங் மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்துதான் உள்ளே போக வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, நெட்வொர்க் வழியாகவே தூரத்திலிருந்து போவது. டெல்நெட், எஸ்.எஸ்.எச், பிரவுசரில் திறக்கும் பக்கம் எல்லாம் இந்த வகை. இது மொபைல் ஸ்டார்ட்டர். இன்னொன்று, பெட்டிக்குப் பக்கத்திலேயே போய், கன்சோல் என்று எழுதியிருக்கும் இடத்தில் கேபிளைச் செருகி, நேராகப் பேசுவது. இது பச்சை பட்டன்.

டெல்நெட் ரொம்பப் பழையது. அதில் பாஸ்வேர்ட் அப்படியே வெட்டவெளியில் போகும், நடுவில் ஒட்டுக்கேட்பவன் சுலபமாகப் படித்துவிடலாம். 1995-இல் பின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் பாஸ்வேர்டுகள் திருட்டுப்போயின. அந்தக் கடுப்பில் அங்கிருந்த டாட்டு யுலோனன் என்பவர் எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். இன்றைக்கு உலகம் முழுக்க ரவுட்டரைத் திறக்கும் சாவி அதுதான்.

சரி, சாவி திருகியும் கதவு திறக்கவில்லை என்றால்? இங்கேதான் பெரும்பாலானோர் பதற்றத்தில் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறார்கள். அதற்கு முன்னால் பெட்டி என்ன பதில் சொல்கிறது என்று காது கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். பதில் மூன்று விதம்தான்.

முதலாவது, பதிலே வராதது. கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் 'டைம் அவுட்' என்று வரும். ஊருக்குப் பஸ்ஸே போகவில்லை என்று அர்த்தம். பெட்டிக்குக் கரண்ட் இல்லை, கேபிள் கழன்றிருக்கிறது, ஐ.பி. முகவரி மாறியிருக்கிறது, அல்லது நடுவில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுக்கிறது. ஸ்விட்ச்சில் இன்னொரு பழைய கோளாறு உண்டு. டீஃபால்ட் கேட்வே போட மறந்திருப்பார்கள். அதே நெட்வொர்க்கில் இருக்கும் பக்கத்து மேஜையிலிருந்து திறக்கும், வேறு நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்த பிளாக்கிலிருந்து திறக்காது. கேட்ட கேள்வி ஸ்விட்ச்சுக்குப் போய்ச் சேர்கிறது, பதிலைத் திருப்பி அனுப்பத்தான் அதற்கு வழி தெரியவில்லை.

இரண்டாவது, உடனே 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று முகத்தில் அடிப்பது. வீட்டு வாசல் வரைக்கும் போயாச்சு, கதவு சாத்தியிருக்கிறது. எஸ்.எஸ்.எச் 22-ஆம் நம்பர் கதவு, டெல்நெட் 23. ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். அல்லது இன்னின்ன ஐ.பி.யிலிருந்து வந்தால்தான் விட வேண்டும் என்று ஒரு லிஸ்ட் போட்டிருப்பார்கள். பல சிஸ்கோ பெட்டிகளில் 0 முதல் 4 வரை ஐந்து நாற்காலிதான் போட்டிருக்கும். ஐந்து பேர் லாக் அவுட் பண்ணாமல் எழுந்து போய்விட்டால் ஆறாவது ஆளுக்கு உட்கார இடம் கிடையாது.

மூன்றாவது, கதவு திறந்து "யாருங்க நீங்க?" என்று கேட்பது. வழியில் கோளாறு இல்லை, ஆள் அடையாளத்தில்தான் கோளாறு. பாஸ்வேர்ட் தப்பு என்பது மட்டும் காரணமல்ல. பாஸ்வேர்டே வைக்காத சிஸ்கோ பெட்டியில் டெல்நெட் போனால், 'பாஸ்வேர்ட் வேண்டும், ஆனால் எதுவும் வைக்கப்படவில்லை' என்று சொல்லித் துண்டித்துவிடும். பெரிய ஆபீஸ்களில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கத் தனி சர்வர் இருக்கும். அந்த சர்வர் படுத்துவிட்டால், பெட்டிக்குள்ளேயே ஒரு அவசர யூசர் உருவாக்கி வைக்காதவர்கள் எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இந்த மூன்றுக்கும் நடுவில் புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. பெட்டி பழையது, லேப்டாப் புதியது. பழைய ஸ்விட்ச்சின் பக்கங்கள் பயன்படுத்தும் டி.எல்.எஸ். 1.0 முறையை 2020 வாக்கில் பிரவுசர்கள் கைவிட ஆரம்பித்தன. அதே வருஷக் கடைசியோடு ஃபிளாஷ் மூடப்பட்டது. ஃபிளாஷில் செய்த கண்ட்ரோல் பக்கங்கள் பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, திறக்கத்தான் பிரவுசர் இல்லை. புது எஸ்.எஸ்.எச் மென்பொருளும் பழைய பெட்டியின் ரகசிய முறைகளை ஏற்க மறுக்கிறது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லாமலே கதவு துருப்பிடித்துவிடுகிறது!

இத்தனையிலும் கைகொடுப்பது கன்சோல் கேபிள்தான். வெளிர்நீல நிறத்தில் தட்டையாக இருக்கும். அதற்கு ஐ.பி. வேண்டாம், கேட்வே வேண்டாம், நெட் வேண்டாம். ஆனால் அதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. இன்றைய லேப்டாப்பில் ஒன்பது முள் சீரியல் போர்ட் கிடையாது, அதனால் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வேண்டும், அதற்கு டிரைவர் வேண்டும். வேகம் பெரும்பாலும் 9600. அதைத் தப்பாக வைத்தால் திரை முழுக்கக் கோழி கிறுக்கின மாதிரி எழுத்து வரும். விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு வந்த ஹைப்பர் டெர்மினல் விஸ்டாவிலேயே காணாமல் போய்விட்டது. புட்டி மாதிரி ஒன்றை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். நெட் போன பிறகு புட்டியை எங்கிருந்து டவுன்லோட் பண்ணுவது? :)

இங்கே நெட்வொர்க்கிங் கோர்ஸ் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேக்கெட் ட்ரேசரில் ரவுட்டர் படத்தை ஒரு தட்டு தட்டினால் கமாண்ட் திரை திறந்துவிடும். அதாவது பச்சை பட்டன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எவ்வளவு தப்பான கமாண்ட் கொடுத்தாலும் யாரும் வெளியே மாட்டிக்கொள்வதில்லை. அதனால்தான் சர்ட்டிபிகேட் வாங்கி வேலைக்குப் போன முதல் மாசத்திலேயே, தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டும் கமாண்டைச் சிலர் கொடுத்துவிடுகிறார்கள்.

புதுப் பையன்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி, இந்திய நேரப்படி ராத்திரி 9 மணி தாண்டியதும் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் காணாமல் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கமாண்ட், அந்தக் கம்பெனியின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. தப்பான கமாண்டைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு பிழை. சரி, தூரத்திலிருந்து உள்ளே போய்ச் சரிசெய்யலாம் என்றால் வழக்கமான வழியும் இல்லை, அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் வேலை செய்யவில்லை. கடைசியில் ஆட்களை டேட்டா சென்டருக்கே அனுப்பினார்கள். அங்கே காவல் ஏற்பாடுகள் கடுமை, உள்ளே போகவே நேரமானது. சுமார் ஆறு மணி நேரம் போனது.

அடுத்த வருஷம் கனடா. 2022 ஜூலை 8-ஆம் தேதி ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனியின் நெட்வொர்க் நாடு முழுக்கப் படுத்துவிட்டது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேலான வாடிக்கையாளர்கள். டெபிட் கார்டு பரிமாற்றம் நின்றது, பலருக்கு 911 அவசர எண்ணே கிடைக்கவில்லை. பிறகு நடந்த ஆய்வில் வெளிவந்த முக்கியமான விஷயம் இது: பெட்டிகளை நிர்வகிக்கும் வழியும் அதே மைய நெட்வொர்க்கை நம்பித்தான் இருந்தது. நெட்வொர்க் விழுந்தபோது அதைத் தூக்கிவிட வேண்டியவர்களின் வழியும் சேர்ந்து விழுந்தது. கிணற்றுக்குள் விழுந்தவனைத் தூக்க வேண்டிய கயிறும் கிணற்றுக்குள்ளேயே கிடந்தால் எப்படி?

"அப்படியென்றால் தூரத்து வழியை எல்லாப் பக்கமும் அகலமாகத் திறந்து வைத்துவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் பதில் வரலாற்றில் இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், டெல்நெட் திறந்து கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அதன் ஆயுதம் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. 'அட்மின்' மாதிரி கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் யூசர் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் அறுபது! அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி அப்படிப் பிடித்த பெட்டிகளை வைத்து டின் என்ற கம்பெனியைத் தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. மிராயை உருவாக்கியதாக 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்ட மூவருக்கும் வயது 20, 21தான்.

இந்தியாவிலும் நடந்திருக்கிறது. 2017 ஜூலை கடைசியில் ஒரு தீம்பொருள் தாக்கி பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. மோடத்தோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை வந்தது. கதவே இல்லாத வீடும் ஆபத்து, பூட்டே இல்லாத கதவும் ஆபத்து.

இப்போது திருப்பூருக்கு வரலாம். ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் இன்டர்நெட் கொடுப்பவர் ஐ.பி. முகவரியை மாற்றிவிட்டார். ஃபயர்வாலுக்குள் போய் ஒரே ஒரு நம்பரை மாற்றினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. ஆள் வருகிறார்.

"தம்பி, ஏன் இன்னும் ஆகலே?"

"பாஸ்வேர்ட் வேணுங்ணா. யாருக்குத் தெரியும்?"

"அது பழைய பையனுக்குத்தான் தெரியும். அவன் பெங்களூர் போய் ஒரு வருஷமாச்சு. போன் எடுக்க மாட்டேங்கிறான்."

"எழுதி வெச்சிருக்காருங்களாண்ணா?"

"எல்லாம் அவன் மண்டையிலதான் இருந்துச்சு."

இனி மிச்சம் இருப்பது ரீசெட் பட்டன். அமுக்கினால் பாஸ்வேர்டோடு சேர்ந்து எல்லா செட்டிங்கும் போய்விடும். பேக்கப் எடுத்து வைத்திருக்கிறார்களா? இல்லை. பில் போடும் கம்ப்யூட்டர்கள் கை கட்டி நிற்கின்றன. 2018 ஏப்ரல் 1 முதல், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்ட ஈ-வே பில் வேண்டும். பிறகு மாநிலத்துக்குள் போவதற்கும் அது வந்துவிட்டது. மொபைலில் தட்டுத்தடுமாறி ஒன்றிரண்டு போடலாம். ஆனால் கணக்கு, ஸ்டாக், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் உள்ளே மாட்டியிருக்க, லாரி வாசலில் நிற்கும். டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

இதைச் சின்னக் கம்பெனியின் அலட்சியம் என்று ஒதுக்க முடியாது. 2008 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சிக்கே இந்தக் கதி வந்தது. நகரத்தின் ஃபைபர் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டுகள் டெர்ரி சைல்ட்ஸ் என்ற ஒரே என்ஜினீயரிடம்தான் இருந்தன. அவர் மேலதிகாரிகளிடம் தர மறுத்தார், கைதானார். கடைசியில் ஜெயிலுக்கே வந்து சந்தித்த அப்போதைய மேயர் கேவின் நியூசமிடம்தான் பாஸ்வேர்டைக் கொடுத்தார். 2010-இல் அவருக்கு நான்கு வருஷ சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வாதத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது: ஒரு நகரத்தின் சாவி ஒரே மனிதரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும்படி விட்டது யார் தப்பு?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. பேங்கில் பெட்டகச் சாவி இரண்டு அதிகாரிகளிடம் பிரிந்துதான் இருக்கும். கேஷ் வாங்குபவரே கணக்கும் எழுதக் கூடாது என்று முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிறார்கள். கம்பெனியின் நிலையான சொத்துப் பட்டியலில் ஃபயர்வாலும் ஸ்விட்ச்சும் பில் தேதியோடு இருக்கும், வருஷா வருஷம் தேய்மானமும் எழுதுவார்கள். அவற்றைத் திறக்கும் வழி மட்டும் எந்த லெட்ஜரிலும் இருக்காது. பூட்டு கம்பெனியுடையது, சாவி வேலையாளுடையது என்றால் அந்தச் சொத்து உண்மையில் யாருடையது? உள்ளே போகும் வழி கையில் இல்லாத பெட்டியை வாங்கியும் வாங்காத மாதிரிதான்.

"இப்போதெல்லாம் எல்லாமே கிளவுடில் இருக்கிறது, கேபிளாவது ஒன்றாவது" என்பது இன்னொரு வாதம். கிளவுடிலிருந்து நிர்வகிக்கும் பெட்டிக்குக் கிளவுடை எட்டவே இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் இணைப்பின் செட்டிங்கே தப்பானால்? பெட்டிக்குப் பக்கத்தில் போய் அதன் லோக்கல் பக்கத்தைத்தான் திறக்க வேண்டும். அதன் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்ற பழைய கேள்வியே திரும்ப வரும்.

செலவு என்று சொல்பவர்களுக்கும் பதில் எளிது. கன்சோல் கேபிளும் யு.எஸ்.பி. கன்வெர்ட்டரும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். ரேக்கிலேயே ஒரு கவரில் போட்டுத் தொங்கவிடலாம். பாஸ்வேர்டுகளை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டு, முதலாளியின் லாக்கரில் வைக்கலாம். ஆள் மாறினால் அன்றைக்கே பாஸ்வேர்டும் மாற வேண்டும், கவரும் மாற வேண்டும். செட்டிங் பேக்கப் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும். ரேக் இருக்கும் அறைக்குப் பூட்டு கட்டாயம். ஏனென்றால் கன்சோல் கேபிளோடு பக்கத்தில் நிற்பவனுக்கு வழி உண்டு. பல சிஸ்கோ ரவுட்டர்களில் பெட்டி எழும்பும் நேரத்தில் குறுக்கிட்டு ஒரு எண்ணை 2142 என்று மாற்றிவைத்தால், பழைய செட்டிங்கைப் படிக்காமல் எழுந்து நிற்கும். பிறகு செட்டிங் அழியாமலே புது பாஸ்வேர்ட் வைத்துவிடலாம். நல்லவனுக்கு உதவும் வழி கெட்டவனுக்கும் உதவும்.

தூரத்திலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு பழைய தந்திரமும் உண்டு. கோவையில் உட்கார்ந்துகொண்டு வால்பாறையில் இருக்கும் ரவுட்டரில் கை வைக்கிறார் ஒருவர். ஒரு வரி தப்பானால் தொடர்பு போய்விடும். அப்புறம் பொள்ளாச்சி, ஆழியாறு, 40 கொண்டை ஊசி வளைவு என்று ஒரு நாள் முழுக்கப் பயணம். அதனால் சிஸ்கோவில் முதலில் 'ரீலோட் இன் 10' என்று கொடுத்துவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காமல் வேலையை ஆரம்பிக்க வேண்டும். தப்பாகி வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிஷத்தில் பெட்டி தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய செட்டிங்கோடு வந்து நிற்கும். சரியாக நடந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். ஜூனிப்பர் பெட்டிகளில் 'கமிட் கன்ஃபர்ம்டு' என்று இதற்கே ஒரு கமாண்ட் உண்டு. செலவு பைசா கிடையாது, மறக்காமல் இருந்தால் போதும்.

இதையெல்லாம் செய்துவிட்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு ஆளை விட்டுக் கவரைப் பிரித்து, கேபிளைச் செருகி, உள்ளே போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சோதித்துப் பார்க்காத வழி, இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் வழி மட்டுமே. பேஸ்புக்கிடமும் அவசர வழி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது.

தோட்டத்து விவசாயி இதையும் செய்கிறார். மொபைல் ஸ்டார்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிற நாளிலும், தோட்டத்துப் பக்கம் போனால் மோட்டார் ரூமைத் திறந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவார். ஸ்டார்ட்டர் பெட்டியில் பல்லி புகுந்திருக்கிறதா, ஃபியூஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவியைப் பழைய ஆணியிலேயே மாட்டுவார். ரவுட்டர் வைத்திருக்கும் ஆபீஸ்களும் அப்படி ஒரு ஆணி அடித்து வைக்கட்டும்.